இடது மரை

கோபமே வராதவள் என்று பட்டறையில் அவளுக்குப் பத்தொன்பது வருடமாகப் பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். யார் எந்த அவசர வேலையைக் கொண்டுவந்து தலையில் கட்டினாலும் "வெச்சிட்டுப் போங்க, முடிச்சுத் தர்றேன்" என்பாள். அவள் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைந்த உருளைகளும் திருகுகளும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இல்லாத அறை கிடையாது. அவள் குரல்தான் எந்த அறையிலும் கேட்டதில்லை. கோபப்படாத ஆளைச் சுற்றி என்னவெல்லாம் நடக்கும் என்று அவள் தெரிந்துகொள்ள ஒரு போல்ட்டும் ஒரு தம்பியும் தேவைப்பட்டார்கள்.

தம்பி நிலையத்தின் மருத்துவ அறையில் கிடந்தான். அன்று பதினோராவது நாள்.

"இன்னொரு முட்டை இருக்காக்கா?"

"இருக்கு. மெதுவா சாப்பிடு."

காலையிலிருந்து அது ஆறாவது முட்டை. அதற்கு முன் ஒரு முழு ரொட்டி, ஒரு லிட்டர் பால், நான்கு வாழைப்பழம். வயிறு நிறைந்தது என்று அவனே சொன்னான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த எடை இயந்திரம் வேறு கதை சொன்னது. பெட்டிக்குள் போன அன்று எழுபத்துநாலு கிலோ. இன்று அறுபத்துமூன்று. கன்னத்தில் இருந்த சதை எல்லாம் எங்கேயோ போய், மச்சம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்த மச்சம் இப்போது வலது கன்னத்தில் இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக இடது கன்னத்தில் இருந்த மச்சம்.

அவன் முடித்ததும் கை துடைக்க எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது என்னக்கா, ஏதோ தைலமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை எடுத்தாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, அதில் பார்த்துச் செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தான். நேராகப் பார்த்தால் அவனுக்கு எல்லா எழுத்தும் இடம் வலம் மாறித் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால்தான் எழுத்து எழுத்தாக இருந்தது.

இங்கே பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று மாடி உயரக் கூடத்தின் நடுவே, ஒரு லிஃப்ட் அளவுக்கு இரும்பு அறை ஒன்று இருந்தது. அதற்குள் வைக்கும் பொருள் பதினோரு நிமிடம் காணாமல் போகும். பிறகு திரும்பி வரும். எங்கே போனது என்று கேட்டால், மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் என்ற மூன்று போக்குக்கும் சேராத நாலாவது போக்கு ஒன்று உண்டு, அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது என்று இயக்குநர் சொல்வார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் எறும்புக் கதை சொல்வார். காகிதத்தில் ஊர்கிற எறும்புக்கு உயரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, நாமும் அப்படிப்பட்ட எறும்புதான் என்பார். அதனால் பட்டறையில் அவருக்கு நாலாம்திசை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடச் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

முதலில் அனுப்பிய பதினோரு பொருள்களும் உருண்டை, கனசதுரம், வளையம். அளப்பதற்கு எளிது என்று அவரே தேர்ந்தெடுத்தவை. எல்லாம் போன மாதிரியே வந்தன. பன்னிரண்டாவதாக, கொஞ்சம் நுட்பமாக இருக்கட்டுமே என்று ஒரு போல்ட் கேட்டார். அவள்தான் கடைந்து கொடுத்தாள். கட்டை விரல் பருமன், அரையடி நீளம், திருகு வரிகள் சுத்தமான வலது மரை, அதாவது வலப்பக்கம் சுற்றினால் ஏறுவது. கூடவே ஒரு நட். ஏற்றிப் பார்த்து, வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குவதை உறுதி செய்துகொண்டுதான் அனுப்பினாள். போல்ட் மட்டும் பெட்டிக்குள் போனது, நட் வெளியிலேயே இருந்தது.

திரும்பி வந்த போல்ட்டில் நட் ஏறவில்லை.

ஃபோர்மேன் அதை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "ஏம்மா, இடது மரை வெட்டிட்டியா?"

"இல்லீங்களே. வலதுதான் வெட்டினேன். ஏத்திக்கூடப் பாத்தேன்."

"இந்தா, நீயே பாரு."

பார்த்தாள். இடது மரைதான். ஞாபகம் ஒன்று சொல்கிறது, கையிலிருக்கும் இரும்பு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? அந்தப் பட்டறையில் அதற்கு ஒரே சட்டம்தான். பொருள் பொருந்தவில்லை என்றால் தவறு அதைச் செய்தவருடையது. அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. தவறுச் சீட்டு என்று பெயர். என்ன பிழை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுட்டுப் போயேம்மா. ஒரு சீட்டுல என்ன ஆகிடப் போகுது? சார் மாடில குதிச்சிட்டு இருக்காரு," என்றார் ஃபோர்மேன்.

போட்டாள். 'திருகில் மரை தவறாக வெட்டப்பட்டது.' கீழே அவள் கையெழுத்து. கோபம் வராதவள் அல்லவா?

சீட்டோடு விஷயம் முடியாது. அந்தப் பட்டறையில் தவறாகப் போன பொருளைத் தூக்கி எறிய மாட்டார்கள். செய்தவருடைய இயந்திரத்துக்கு மேலே ஒரு கம்பி கட்டி, அதில் தொங்கவிடுவார்கள். ஓய்வு பெற்றுப் போகிற வரைக்கும் அது தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். சிலருடைய கம்பியில் கல்யாண மாலை மாதிரி முப்பது நாற்பது தொங்கும். அவளுடையது மட்டும் பத்தொன்பது வருடமாக வெறும் கம்பி. அதில் அந்த போல்ட் ஏறிய நாளிலிருந்து ஏழு மாதம் அவள் தலையை நிமிர்த்தியே பார்க்கவில்லை. குனிந்து வந்தாள், குனிந்து வேலை செய்தாள், குனிந்து போனாள்.

அதற்குப் பிறகுதான் ஆளை அனுப்பலாம் என்று முடிவானது. பெட்டிக்கு மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, நான் போகிறேன் என்று கையைத் தூக்கினான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். போய், பதினோரு நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். கூடமே கை தட்டியது. அவன் கைக்கடிகாரத்தில் நொடி முள் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இயக்குநர் அந்தக் கையை உயர்த்திப் பிடித்தார். "காலம் பின்னோக்கி ஓடுது, பாருங்க," என்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தக் கையும் அவர் முகமும் வந்தன. மச்சம் பக்கம் மாறியதைக் கேட்டவர்களிடம், காலம் திரும்பும்போது இடம் வலமும் கூடவே திரும்பும், அது ஒரு பக்கவிளைவு என்று பூசி மெழுகிவிட்டார்.

அந்த இயக்குநர்தான் இப்போது மருத்துவ அறைக்குள் வந்தார். பின்னால் டாக்டர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"எப்படி இருக்கார் நம்ம ஹீரோ?"

"பதினோரு கிலோ குறைஞ்சிருக்கு சார்," என்றாள் அவள். "ஒரு நாளைக்கு ஒரு கிலோ."

"கவலைப்படாதீங்கம்மா. இது மெலிவு இல்ல. வயசு குறைஞ்சிட்டு வருது. அவர் உடம்புல காலம் பின்னாடி போகுது. இருபது வயசுல என்ன எடை இருந்தாரோ அதுக்குத் திரும்பிட்டு இருக்கார்."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பதினோரு நாள் தாடி.

"தாடி வளருதே சார்."

"என்ன?"

"காலம் பின்னாடி போனா தாடி உள்ள போகணும். வெளிய வருதே."

கட்டிலில் தம்பி களுக்கென்று சிரித்தான். சிரித்ததில் மூச்சு வாங்கியது. இயக்குநர் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் நுட்பமான விஷயம். ஒவ்வொரு உறுப்புலயும் காலம் ஒவ்வொரு மாதிரி போகும். அடிப்படை என்னன்னா, அவர் உடம்புல ஒரு அணு குறையலை, ஒரு அணு கூடலை. அதே பொருள். போன எடையே வந்த எடை. அப்புறம் அவருக்கு என்ன கெடுதல் வந்திருக்க முடியும்?"

"அப்ப இன்னொரு தடவை உள்ள அனுப்பிப் பாக்கலாமே சார். போன வழியிலயே சரியாகிட்டா?"

இதைச் சொன்னபோது அவளுக்கு எந்தக் கணக்கும் தெரியாது. மாட்டிக்கொண்ட திருகைப் பின்னால் சுற்றிப் பார்ப்பது மாதிரி ஒரு தொழில் புத்தி, அவ்வளவுதான். ஆனால் இயக்குநரின் முகம் சட்டென்று இறுகியது.

"உலகத்துலயே காலம் திரும்பி ஓடற ஒரே உடம்பும்மா அது. திருப்பி அனுப்பி, சரியாகித் தொலைச்சா, அப்புறம் என்கிட்ட என்ன சாட்சி இருக்கு?" என்றவர், தான் சொன்னது தனக்கே கேட்டதும் குரலை மாற்றிக்கொண்டார். "தவிர, விதி இருக்கு. உடல் தகுதிச் சான்றிதழ் இல்லாதவங்க பெட்டிக்குள்ள போகக் கூடாது. இவர் இப்ப இருக்கற நிலைமைல எந்த டாக்டர் சான்றிதழ் கொடுப்பார்?"

"உடம்பு சரியாகறதுக்கு உள்ள போகணும். உள்ள போக உடம்பு சரியா இருக்கணும். அப்படித்தானே?"

"பாருங்கம்மா, காலம்னு நாம நினைக்கறதே ஒரு மயக்கம். நடந்தது, நடக்கறது, நடக்கப்போறது எல்லாம் ஏற்கெனவே ஒண்ணா அங்கதான் இருக்கு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"அப்ப இவன் சாகறதும் எங்கயோ ஏற்கெனவே இருக்கா சார்?"

அதற்கு அவர் தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலில்தான் அவளுக்குள் பத்தொன்பது வருடமாக மூடியிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது.

பட்டறைக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லேத்துக்கு முன்னால் நின்றாள். தாங்க முடியாத மாதிரி நெஞ்சில் ஒரு எரிச்சல். கண்ணில் முட்டிய நீர் இந்தப் பாழாய்ப் போன தரையில் விழக் கூடாது என்று தலையை அண்ணாந்தாள். ஏழு மாதத்தில் முதல் முறையாக, தலைக்கு மேலே தொங்கிய போல்ட்டைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கடைந்து முடித்த ஒவ்வொரு திருகின் தலையிலும் அவள் தன் அடையாளத்தைக் குத்துவது வழக்கம். தூண்டில் முள் மாதிரி ஒரு சின்ன முத்திரை. நீளமான தண்டு, கீழே வலது பக்கமாக வளைந்த கொக்கி. அதற்கென்று முனையில் அந்த உருவம் செதுக்கிய ஓர் எஃகு உளி வைத்திருந்தாள். ஒரே உளி, பத்தொன்பது வருடமாக. அதை நேராகக் குத்தினாலும் சாய்த்துக் குத்தினாலும் தலைகீழாகப் பிடித்துக் குத்தினாலும் கொக்கியின் பக்கம் மாறாது. மேலே தொங்கிய போல்ட்டின் தலையில் கொக்கி இடது பக்கமாக வளைந்திருந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கட்டை அவிழ்த்துப் போல்ட்டை இறக்கினாள். ஒரு துண்டு இரும்பில் உளியை வைத்து ஒரே அடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கை விரல்களையும் கூப்பி வைத்த மாதிரி, ஒன்று மற்றொன்றுக்குக் கண்ணாடி பிம்பமாக இருந்தது. மரையை மனிதர் மாற்றி வெட்டலாம். தூக்கக் கலக்கத்தில், கவனப் பிசகில், ஒரு நெம்புகோலை மறந்து வெட்டலாம். இந்த முத்திரையை மாற்றிக் குத்த உலகத்தில் யாராலும் முடியாது. அவள் சரியாகத்தான் வெட்டினாள். பெட்டி அதைப் புரட்டிப் போட்டுவிட்டது.

போல்ட்டின் கழுத்தில் துரு ஏறியிருந்தது. ஏழு மாதத் துரு. காலம் பின்னால் ஓடுகிற பொருளில் துரு எப்படி ஏறும்?

ஃபோர்மேன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவரும் தொழில் தெரிந்தவர்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ," என்றார். "அந்தச் சீட்டை வெச்சுத்தாம்மா பாதுகாப்புக் குழு ஒத்துக்கிச்சு."

"எந்தச் சீட்டு?"

"உன் சீட்டு. அனுப்பின பொருள்ல எதாவது மாறி வந்துச்சான்னு கேட்டாங்க. ஒண்ணே ஒண்ணு மாறி வந்துச்சு, அது கடைசல்காரியோட பிழை, அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு சார் காட்டினாரு. அதுக்கப்புறம்தான் ஆளை அனுப்ப அனுமதி கொடுத்தாங்க."

அவளுக்குக் காதுக்குள் இரைச்சல் எடுத்தது. "போட்டுட்டுப் போயேம்மா, என்ன ஆகிடப் போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் இப்படி ஆகும்னு..."

"என்ன ஆச்சுன்னு போய்ப் பாருங்க. நாலாவது கட்டில்ல படுத்திருக்கு."

அவள் கோபத்தில் பாதி அவர் மேல். மீதிப் பாதி, அந்த மஞ்சள் காகிதத்தின் மேல் பேனாவைத் தூக்கிய தன் கையின் மேல். அந்தக் கையை அப்போது லேத்தில் கொடுத்து அரைத்தால்கூடத் தகும் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்து டாக்டர். நடைபாதையில் மடக்கினாள்.

"டாக்டர், சாப்பாட்டுக்கு மரை உண்டா?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவளை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உண்டு," என்றார். "சர்க்கரை, முட்டை, இறைச்சி, எல்லாத்துலயும் உள்ள இருக்கற மூலக்கூறு ஒரே கை வாகுலதான் இருக்கும். நம்ம உடம்பும் அதுக்கு ஏத்த வாகு. கையும் கையுறையும் மாதிரி. உங்க தம்பி உடம்பு இப்ப வேற கை. எவ்வளவு சாப்பிட்டாலும் பொருந்தாது. அப்படியே வெளிய போயிடும். தண்ணியும் உப்பும்தான் சேரும். எலுமிச்சை வாசனைகூட அவருக்கு வேற மாதிரிதான் தெரியும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆறாம் நாள் சந்தேகம் வந்துச்சு."

"இன்னைக்குப் பதினொண்ணு. எதுலயாவது எழுதினீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார் ஏற்கெனவே பத்திரிகையில சொல்லிட்டாரே."

அவள் அவரை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வாரம். இதயம் பாதிக்க ஆரம்பிச்சா அதுக்கும் முன்னாடி."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டிக்குச் சோதனை ஓட்டம். தினமும் நடப்பது. ஓர் எஃகுக் கட்டியை உள்ளே வைத்து அனுப்பி எடுப்பார்கள். அந்தக் கட்டியும் அவள் கடைந்ததுதான். அதை ஓட்டுகிறவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவரிடம் போல்ட்டையும் உளியையும் நட்டையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அவர் கட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் போல்ட்டை வைத்துக் கதவைச் சாத்தினார்.

பதினோரு நிமிடம். கதவு திறந்ததும் முதலில் முத்திரையைப் பார்த்தாள். கொக்கி வலது பக்கம் வளைந்திருந்தது. கழுத்துத் துரு அப்படியே இருந்தது. நட்டை வைத்துச் சுற்றினாள். துரு இருந்த இடத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு கடைசி வரைக்கும் ஏறியது.

"தம்பியக் கூட்டிட்டு வாங்க," என்றார் பெட்டியை ஓட்டுகிறவர். "ஆனா ஆள் போற கதவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு இயக்குநர் சார்கிட்ட."

அவர் பக்கத்து அறையில் இருந்தார். பாதுகாப்புக் குழுவிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், சுவரில் பெரிதாகத் தம்பியின் கைக்கடிகாரப் படம். எறும்புக் கதை நடந்துகொண்டிருந்தது. அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். கையில் எண்ணெய்க் கறை, மேலங்கியில் இரும்புத் தூள்.

"என்னம்மா இது? வெளிய இருங்க."

"பத்தொன்பது வருஷமா வெளியதான் சார் இருந்தேன்."

போல்ட்டை மேசையில் போட்டாள். சத்தத்தில் தண்ணீர் தளும்பியது. குழுவின் தலைவி நரைத்த தலையோடு ஒல்லியாக இருந்தார். அவர் மட்டும் அசையாமல் அவளைப் பார்த்தார்.

"நீங்க யாருன்னு சொல்லுங்க," என்றார்.

"நீங்க பாத்து அனுமதி கொடுத்த சீட்டுல கையெழுத்துப் போட்டவ. உள்ள போய்ட்டு வந்தவனோட அக்கா."

பிறகு பேசினாள். மேசையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்து, தன் இடது கையை அதில் வைத்து வரைந்து, அந்தக் கை உருவத்தைக் கிழித்து எடுத்தாள்.

"சார் எறும்புக் கதை சொல்வாரு. இந்த மேசைதான் எறும்போட உலகம். இந்தக் கை மேசையை விட்டு எழும்பாம எப்படிச் சுத்தினாலும் இடது கைதான்." சுற்றிக் காட்டினாள். "மேசையை விட்டுத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டா?" கவிழ்த்தாள். "வலது கை. காகிதம் அதே காகிதம். ஒரு துளி குறையலை, கூடலை. எறும்புக் கதையை எத்தனையோ பேருக்குச் சொன்ன சார், தூக்கினது கவிழ்ந்து விழுந்தா என்ன ஆகும்னு ஒரு தடவைகூடச் சொல்லலை."

உளியால் குத்திய துண்டைக் காட்டினாள். துருவைக் காட்டினாள். நட்டை ஏற்றி இறக்கினாள். கடிகாரம் பின்னால் ஓடவில்லை, கவிழ்ந்து கிடக்கிறது, அதனால் முள் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றாள். தம்பியும் கவிழ்ந்து கிடக்கிறான், அதனால் ஆறு முட்டை தின்றும் பட்டினி கிடக்கிறான் என்றாள்.

இயக்குநர் புன்னகை செய்தார். படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் செய்கிற அந்தப் புன்னகை. "உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. ஒரு திருகை வெச்சுக் காலத்தோட இயல்பையே..."

"சரி சார். நான் சொல்றது தப்பு. நீங்க சொல்றதுதான் சரி. உள்ள போனா காலம் திரும்பும், வயசு குறையும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"உங்களுக்கு அறுபத்தொண்ணு. உடம்புல ஒரு நோய் கிடையாதுன்னு போன மாசம்தான் சான்றிதழ் வாங்கினீங்க. கதவு பக்கத்துலதான் இருக்கு. போய்ட்டு வாங்க. பதினோரு நிமிஷம். வந்து, என் தம்பி பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு முட்டை சாப்பிடுங்க. வயசு குறையட்டும்."

இயக்குநர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "இது விளையாட்டு இல்ல," என்றார்.

"நான் விளையாடலை சார். போவீங்களா, மாட்டீங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த கடிகாரப் படத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்பது அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. போல்ட் வந்த அன்றே தெரியாமல் இருந்திருக்கலாம். கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிய அன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தம்பி மெலிய ஆரம்பித்த பிறகு தெரியும். தெரிந்தும், தினமும் வந்து கட்டில் பக்கத்தில் நின்று ஹீரோ என்று கூப்பிட்டிருக்கிறான் அந்த மனுஷன். அதுவரை அவர் மேல் வைத்திருந்த மரியாதை எல்லாம் அவள் மனதில் அங்கேயே உதிர்ந்து போனது.

தலைவி கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க."

"விதிப்படி உடல் தகுதிச் சான்றிதழ்..."

"இவங்க கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லியிருந்தா நான் விதியைப் பத்திப் பேசியிருப்பேன். சாவி."

தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். ஆளே இல்லாத மாதிரி நாற்காலி இலேசாக உருண்டது. பெட்டி வாசலில் அவன் அவள் கையைப் பிடித்தான்.

"இந்தத் தடவை சரியா வருவேனாக்கா?"

"போல்ட் வந்துச்சு."

"நீ வெட்டின போல்ட்டுதானே? அப்பச் சரி."

கதவு மூடியது. பதினோரு நிமிடமும் அவள் உட்காரவில்லை. டாக்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதை அவள் காலால் தள்ளிவிட்டாள். பத்தாவது நிமிடத்தில் ஃபோர்மேன் வந்து தள்ளி நின்றார். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதுவரை எல்லோரும் போதுமான அளவு சொல்லியிருந்தார்கள்.

கதவு திறந்தது. நாற்காலியில் தம்பி சாய்ந்து கிடந்தான். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. கடிகார முள் எல்லாக் கடிகார முள்ளும் போகிற பக்கம் போனது. அவள் மேலங்கிப் பையிலிருந்து எலுமிச்சைத் துண்டை எடுத்து அவன் மூக்கின் அருகே நீட்டினாள்.

அவன் கண்ணை மூடி முகர்ந்தான். வெகுநேரம் முகர்ந்தான்.

"எலுமிச்சம்பழம்க்கா," என்றான். "பசிக்குது."

அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "இனிமே எவனாவது கூப்பிட்டான்னு கையத் தூக்கினே, அந்தக் கைய ஒடிச்சிடுவேன்," என்று திட்டினாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. இந்த முறை தலையை அண்ணாந்து மறைக்கவில்லை.

ஒரு மாதத்தில் தம்பி எழுபது கிலோவுக்கு வந்தான். இயக்குநரை விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. யார் தந்தது என்றால், கடைசல்காரியின் சீட்டு.

ஃபோர்மேன் ஒரு நாள் அந்த மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். "ரத்து பண்ணிட்டாங்கம்மா. உன் மேல தப்பே இல்லன்னு குழு எழுதிடுச்சு. கிழிச்சுப் போட்டுடு. போல்ட்டும் இனிமே கம்பில தொங்க வேண்டாம். உன் கம்பி பழையபடி சுத்தம்."

அவள் சீட்டை எடுத்துப் படித்தாள். 'திருகில் மரை தவறாக வெட்டப்பட்டது.' கீழே அவள் கையெழுத்து, அழகாக, அடக்கமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல். சீட்டைச் சுருட்டிப் போல்ட்டில் வைத்து, அதன் மேல் நட்டை ஏற்றி இறுக்கினாள். முக்காலியில் ஏறி மறுபடியும் அதே கம்பியில் கட்டினாள்.

"அதான் சரியான போல்ட் ஆச்சேம்மா. எதுக்கு அங்க?"

"போல்ட் சரியாத்தான் இருந்துச்சு. நான் வெட்டினது எதுவும் தப்பில்ல," என்றாள் அவள், கீழே இறங்கி லேத்தை ஓட்டிக்கொண்டே. "நான் போட்ட கையெழுத்துதான் தப்பு. அது தொங்கட்டும்."